மாதச் சம்பளக்காரரின் மனை முதலீடு

மாதச் சம்பளம் நின்றுபோனாலும் குடும்பச் செலவு தடையின்றி நடக்கும் நிலையே நிதிச் சுதந்திரம் எனப்படுகிறது. அந்த நிலையை அடைய தமிழ்நாட்டு இளைஞர்கள் பரவலாக நாடும் வழிகளுள் ஒன்று வீட்டுமனை வாங்கிப் போடுவது. வேலைக்குச் சேர்ந்த மூன்று, நான்கு ஆண்டுகளிலேயே வங்கிக் கடன் பெற்று ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்குவதும், விலை ஏறியபின் விற்று அடுத்ததை வாங்குவதும் அவர்களுடைய திட்டம். இத்திட்டத்தின் கணக்கு, அதைச் சூழ்ந்துள்ள சட்டம், வாங்குமுன் பார்க்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

எண்ணம் வந்த வழி

நிலத்தில் பணம் போடுவது தமிழருக்குப் புதிதன்று. ஆனால் முந்தைய தலைமுறை ஊழியர் பெரும்பாலும் ஓய்வு பெறும்போது கிடைத்த பணிக்கொடையையும் வருங்கால வைப்பு நிதியையும் கொண்டு மனை வாங்கினார். கையில் பணம் வந்தபின் நிலம் வந்தது. இன்றைய இளைஞரிடம் இவ்வரிசை தலைகீழாக உள்ளது. முதலில் நிலம், பிறகு பதினைந்து இருபது ஆண்டுகள் பணம். இதற்கு அச்சமும் ஒரு காரணம். தனியார் பணியில் பெரும்பாலோருக்கு ஓய்வுக்காலத்தில் போதுமான ஓய்வூதியம் இல்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 முதல் அரசுப் பணியில் சேர்ந்தவர்களும் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கப்படவில்லை.

மற்றொரு காரணம் அமெரிக்காவிலிருந்து வந்த நூல்கள். ராபர்ட் கியோசாகியின் ‘ரிச் டேட் புவர் டேட்’ 1997-இல் வெளியானது. உங்கள் பைக்குள் பணத்தைக் கொண்டுவருவது சொத்து, பையிலிருந்து பணத்தை எடுத்துச் செல்வது கடன்சுமை என்பது அந்நூலின் மையக் கருத்து. குடியிருக்கும் வீட்டைக்கூட அது சொத்தாகக் கருதுவதில்லை. இந்த இலக்கணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், வாடகை எதுவும் தராமல் மாதந்தோறும் தவணை கேட்கும் வெற்று மனை எந்தப் பக்கம் சேரும் என்பதை வாசகரே முடிவு செய்யலாம். அந்நூலைப் படித்துவிட்டு மனை வாங்கப் புறப்படுவோர் இதை ஏனோ கவனிப்பதில்லை.

அமெரிக்க நடைமுறையில் வேறு சில வசதிகளும் உண்டு. அங்கு 30 ஆண்டுகளுக்கு வட்டி மாறாத வீட்டுக்கடன் சாதாரணமாகக் கிடைக்கிறது. வீட்டின் விலையை ஒப்பிட வாடகை கணிசமாக உள்ள ஊர்களில், வாடகைதாரர் தரும் பணமே தவணையைக் கட்டிவிடும். இந்திய நகரங்களில் குடியிருப்பு வீட்டின் ஆண்டு வாடகை அதன் விலையில் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடு வரைதான். 60 லட்சம் ரூபாய் அடுக்கக வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை வந்தால் அது 3 விழுக்காடு. பராமரிப்புக் கட்டணமும் சொத்து வரியும் அதிலிருந்தே போக வேண்டும். கடன் வட்டியோ அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

ஒரு மனையின் கணக்கு

27 வயது ஊழியர் ஒருவருக்குப் பிடித்தம் போக மாதம் 55,000 ரூபாய் கைக்கு வருகிறது. மாவட்டத் தலைநகர் ஒன்றின் புறவழிச் சாலை அருகே 1,200 சதுர அடி மனை, சதுர அடி 2,000 ரூபாய் வீதம் 24 லட்சம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று கொள்வோம். வங்கி 18 லட்சம் ரூபாய் கடன் தருகிறது. மீதி 6 லட்சம் அவருடைய சேமிப்பு. அதில் ஒரு பகுதி அம்மாவின் நகையை அடகு வைத்த பணமாகவும் இருக்கலாம்.

முதற்செலவு பத்திரப் பதிவு. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 24 லட்சத்துக்கு இது 2 லட்சத்து 16 ஆயிரம் ரூபாய். விற்கும்போது இப்பணம் தனியாகத் திரும்பி வராது. ஆகவே மனை வாங்கிய நாளிலேயே முதலீட்டாளர் 9 விழுக்காடு பின்தங்கித் தொடங்குகிறார்.

18 லட்சம் கடனுக்கு 9 விழுக்காடு வட்டி, 15 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை 18,257 ரூபாய். முதல் மாதத் தவணையில் 13,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 4,757 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் அவர் கட்டும் தொகை 10 லட்சத்து 95 ஆயிரம். ஆனால் அசலில் குறைவது 3 லட்சத்து 59 ஆயிரம் மட்டும். இன்னும் 14 லட்சத்து 41 ஆயிரம் பாக்கி நிற்கும்.

இந்த ஐந்து ஆண்டுகளில் அவர் கைப்பணம் 6 லட்சம், பதிவுச் செலவு 2.16 லட்சம், தவணை 10.95 லட்சம் எனச் சேர்ந்து 19.11 லட்சம் ஆகிறது. அப்பணம் ஒரு ரூபாய் லாபமும் இல்லாமல் அப்படியே திரும்பி வர வேண்டுமானால், மனை 33.52 லட்சத்துக்கு விற்க வேண்டும். அதாவது விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும்.

விலை ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு முடிவில் மனை 38.65 லட்சம் ஆகும். அதில் தரகு 2 விழுக்காடு கழியும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த மனை என்பதால் லாபத்தின் மீது 12.5 விழுக்காடு நீண்டகால மூலதன ஆதாய வரியும், பிறகு வங்கிப் பாக்கியும் போனால் கையில் நிற்பது சுமார் 22 லட்சம் ரூபாய். இதே ஊழியர் மனை வாங்காமல் அந்த 8.16 லட்சத்தை 6.5 விழுக்காடு வைப்பிலும், மாதம் 18,257 ரூபாயை அதே வட்டியுள்ள தொடர் வைப்பிலும் போட்டிருந்தால் சுமார் 24.2 லட்சம் சேர்ந்திருக்கும். நிலத்தின் விலை பத்து விழுக்காடு ஏறியும், சாதாரண வைப்புத் தொகை இரண்டு லட்சத்துக்கு மேல் முந்திவிடுகிறது. மனை வைப்புத் தொகையைச் சமன் செய்யவே விலை ஆண்டுக்குப் பதினொன்றரை விழுக்காடு ஏற வேண்டும்.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. விலை ஆண்டுக்கு 15 விழுக்காடு ஏறினால், அதாவது ஐந்து ஆண்டுகளில் இரட்டித்தால், அவர் கையில் 30 லட்சம் இருக்கும். எந்த வைப்பும் அவ்வளவு தராது. கடன், ஏற்றத்தையும் பெருக்கும், தேக்கத்தையும் பெருக்கும். கடனே இல்லாமல் முழுப் பணத்தில் வாங்கி, விலை 10 விழுக்காடு ஏறினால், தரகும் வரியும் போகக் கிடைப்பது ஆண்டுக்கு 6.8 விழுக்காடு. அது வைப்பு வட்டிக்குச் சற்று மேல். நிலத்தால் தாத்தா நட்டப்படவில்லை, பேரன் திணறுகிறான் என்றால் வேறுபாடு நிலத்தில் இல்லை, கடனில் இருக்கிறது.

தவணையும் வேலையும்

வீட்டுக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கிடைக்கும் சலுகை, வெற்று மனைக் கடனுக்கு இல்லை. வீடு கட்டினால்தான் அந்தப் பேச்சே எழும். பல வங்கிகள் மனைக் கடனைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் தருகின்றன. விற்று லாபம் பார்க்க நினைப்பவர் இந்த நிபந்தனையைக் கையெழுத்திடும் முன் படித்துவிட வேண்டும்.

இவற்றைவிடப் பெரியது ஒன்று உண்டு. மேற்சொன்ன ஊழியரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு தவணைக்குப் போகிறது. மீதியில் வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், வண்டித் தவணை எல்லாம் அடங்க வேண்டும். மேலதிகாரி முறைகேடாக நடத்தினாலும் அவர் வேலையை விட முடியாது. சம்பளம் குறைவானாலும் கற்றுக்கொள்ள வாய்ப்புள்ள வேறு வேலைக்கு மாற முடியாது. மேற்படிப்பு தள்ளிப்போகிறது. வேலையிலிருந்து விடுபடுவதற்கென்று வாங்கிய மனை, அவரை அதே வேலையோடு பதினைந்து ஆண்டுகள் கட்டிப்போடுகிறது. இருபதுகளின் இறுதியில் ஒருவருக்கு உள்ள பெரிய சொத்து, இனிமேல் ஈட்டப்போகும் ஊதியம்தான். அதை வளர்க்கும் வாய்ப்பை மனைக்காக விட்டுக்கொடுப்பது எந்த விற்பனைத் துண்டறிக்கையிலும் செலவாகக் காட்டப்படுவதில்லை.

இதில் மனையின் குணமும் சேர்கிறது. நகையை ஒரு மணி நேரத்தில் பணமாக்கலாம். மனையை அவசரத்துக்கு விற்க முடியாது. அவசரம் என்று தெரிந்தால் கேட்பவர் விலையைக் குறைப்பார். கால் மனையை மட்டும் விற்று மருத்துவச் செலவு பார்க்கவும் வழியில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே வைக்காமல் மனை வாங்குவது இதனால்தான் ஆபத்தாகிறது.

நில விலை எப்போதும் ஏறுமா

சென்னை தரமணியில் 2000-ஆம் ஆண்டு டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலை நெடுகிலும் நில விலை பலமடங்கு உயர்ந்தது. இன்றும் மனை விற்பவர் சொல்லும் கதைகளில் பாதி அந்தச் சாலையைப் பற்றியவை. ஆனால் அங்கு பெரிய லாபம் கண்டவர்கள், வேலைவாய்ப்பு வருமுன் நிலம் வைத்திருந்தவர்கள். விலை ஏறியபின் போனவர்களுக்கு அந்த அனுபவம் இல்லை.

விலை தேங்கியதற்கு அரசின் ஆவணமே சான்று. 2017 ஜூனில் தமிழ்நாடு அரசு நிலங்களின் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. அம்மதிப்பு பல இடங்களில் சந்தை விலையைவிட அதிகமாக இருந்ததால் பத்திரப் பதிவே மந்தமாகியிருந்தது. 2023 ஏப்ரலில்தான் அது பழைய அளவுக்குத் திரும்பியது. நிலம் புதிதாகப் பிறப்பதில்லை, ஆகவே விலை இறங்காது என்ற வாதம் காதுக்கு இனியது. ஆனால் புன்செய் நிலம் மனையாகப் பிரிக்கப்படுவது நாள்தோறும் நடக்கிறது; ஊருக்கு வெளியே மனைகளுக்குப் பஞ்சமே இல்லை.

விலையைக் கேட்கும்போது அளவையும் கேட்க வேண்டும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்ட் 8 லட்சம் என்றால் சதுர அடி ஏறத்தாழ 1,837 ரூபாய். ஒரு விளம்பரம் சென்ட் கணக்கிலும் இன்னொன்று சதுர அடிக் கணக்கிலும் இருந்தால் ஒப்பிடுபவர் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

அங்கீகாரமும் ஆவணங்களும்

ஞாயிற்றுக்கிழமை காலை வேன், மதியம் பிரியாணி, அன்றே முன்பணம் கட்டினால் தங்கக் காசு என்பது மனை விற்பனையின் வழக்கமான சடங்கு. அன்றைக்கே பணம் கட்ட வைப்பதுதான் அதன் நோக்கம். ஆவணங்களைப் பார்க்க ஒரு வாரம் கேட்பவருக்குக் காசு கிடைக்காது. பெரும்பாலும் அதனால் நட்டமில்லை.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வழங்குவது சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ. எனும் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், பிற பகுதிகளில் டி.டி.சி.பி. எனும் நகர் ஊரமைப்பு இயக்ககமும் ஆகும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பெயரில் ஊராட்சித் தலைவர் கையெழுத்தோடு பல ஆண்டுகள் மனைகள் விற்கப்பட்டன. அந்தக் கையெழுத்து இவ்விரு அமைப்புகளின் அங்கீகாரத்துக்கு ஈடாகாது. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, ஏராளமானோர் தம் மனையை விற்க முடியாமல் நின்றனர். 2017-இல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முற்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ள வழி செய்தது. அதற்குப் பின் உருவான அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளுக்கு அந்த விதிகள் துணை வருவதில்லை.

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்து விற்பவர் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்த பின்னரே விளம்பரம் செய்யலாம். தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் அத்திட்டத்துக்கென்றே வைக்க வேண்டும். விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதானால் அதற்கு முன் விற்பனை ஒப்பந்தத்தைப் பத்திரப் பதிவு செய்திருக்க வேண்டும். திட்டத்தின் பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அங்கீகாரம் இருந்தால் உரிமையும் தெளிவாக இருக்கும் என்று எண்ணக் கூடாது, இரண்டும் வேறு. பத்திரப் பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதைப் பதிவு செய்வதே தவிர, எழுதிக் கொடுத்தவருக்கு அந்த நிலம் சொந்தம் என்று அரசு தரும் உத்தரவாதம் அன்று. பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். வில்லங்கச் சான்றிதழ், பதிவான பரிமாற்றங்களை மட்டும் காட்டும். பதிவு செய்யாத உயிலோ வாரிசுகளின் பங்கோ அதில் தெரியாது. மூதாதையர் சொத்தில் மகள்களுக்குச் சம உரிமை தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் சட்டமானது. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்திட்டு விற்ற நிலத்தில், திருமணமாகிப் போன சகோதரி பின்னாளில் பாகம் கேட்டு வழக்குத் தொடுத்தால் அது நியாயமான வழக்கு, மாட்டிக்கொள்பவர் வாங்கியவர். எனவே தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை தொடர்ச்சியாகப் பார்த்து, வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்திட்டுள்ளனரா என வழக்கறிஞர் ஒருவர் சரிபார்க்க வேண்டும். விற்பவரின் வழக்கறிஞர் தரும் சட்டக் கருத்து இதற்குப் போதாது.

பொது அதிகார ஆவணம் கொண்டே ‘விற்பனை’ முடித்துக்கொள்ளும் பழக்கமும் இருந்தது. அது உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. அதிகாரம் பெற்றவரிடமிருந்து வாங்கினாலும் முறையான கிரயப் பத்திரம் பதிவாக வேண்டும். அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் அறிய வேண்டும்.

வருவாய்த் துறையின் அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் அந்த நிலம் ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்காகவோ மேய்ச்சல் நிலமாகவோ குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்ப்பது தவிர்க்கக் கூடாத வேலை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரான முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கியதை மறந்திருக்க முடியாது. சித்திரை வெயிலில் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய்ப் பார்த்து, பக்கத்து டீக்கடையில் தண்ணீர் எதுவரை வரும் என்று கேட்டால் உண்மை விளங்கும்.

பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகக் கேட்பவர்கள் உண்டு. அசையாச் சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கியவர் அதே அளவு அபராதம் கட்ட நேரும். வாங்குபவருக்கும் கேடு உண்டு. விலை குறைத்து எழுதினால் வங்கிக் கடன் குறையும்; பின்னாளில் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரி கூடும்.

தவணைத் திட்டங்கள்

மாதம் சில ஆயிரம் கட்டினால் ஐந்து ஆண்டுகளில் மனை அல்லது இரட்டிப்புப் பணம் என்ற திட்டங்கள் தனி வகை. நிலம் எது, சர்வே எண் என்ன என்று தெரியாமலே பணம் கட்டப்படுகிறது. பி.ஏ.சி.எல். என்ற நிறுவனம் வேளாண் நிலம் தருவதாக நாடு முழுவதும் சுமார் 5.8 கோடிப் பேரிடம் திரட்டிய 49,100 கோடி ரூபாயைத் திருப்பித் தருமாறு செபி 2014 ஆகஸ்டில் ஆணையிட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றம், அந்நிறுவனச் சொத்துகளை விற்றுப் பணத்தைத் திருப்பித் தர முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம். லோதா தலைமையில் குழு அமைக்கச் சொன்னது. பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் சிறுசேமிப்பாளர்கள்.

சிறு தொகையில் கட்டட முதலீடு

வாடகை வருமானம்தான் நோக்கம் என்றால் முழுச் சொத்தையும் வாங்காமலே அதில் பங்கேற்க ஒரு வழி உண்டு. ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளைகளுக்கு செபி 2014-இல் விதிகள் வகுத்தது. முதல் ரீட்டான எம்பசி ஆபீஸ் பார்க்ஸ் 2019 ஏப்ரலில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2023-இல் வந்த நெக்சஸ் செலக்ட் டிரஸ்ட் வணிக வளாகங்களை வைத்துள்ளது. சென்னை வடபழனியின் விஜயா மால் அவற்றுள் ஒன்று. ரீட்டின் சொத்தில் குறைந்தது 80 விழுக்காடு கட்டி முடித்து வருமானம் தரும் கட்டடங்களாக இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 விழுக்காட்டை அலகு வைத்திருப்போருக்கு வழங்க வேண்டும். ஒரு அலகை சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம், சந்தை நடக்கும் நாளில் விற்கலாம். பங்கைப் போல விலை இறங்கவும் செய்யும். கல் நட்டு, வேலி போட்டு, “இது என் மண்” என்று காட்ட இதில் ஒன்றுமில்லை. பலர் இதை நாடாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வாங்கிய பின்

பத்திரம் பதிவானதோடு வேலை முடிவதில்லை. பட்டா பெயர் மாற்றம் செய்ய வேண்டும். பெரிய சர்வே எண்ணிலிருந்து பிரிந்த மனையானால் நில அளவர் வந்து அளந்து உட்பிரிவு எண் தந்த பிறகே தனிப்பட்டா கிடைக்கும். அந்த அளவின்போது உரிமையாளர் நேரில் நின்று நான்கு மூலைக் கற்களையும் பார்த்துக்கொள்வது நல்லது. நகராட்சி, மாநகராட்சிப் பகுதியானால் காலிமனை வரி உண்டு. அந்த ரசீது அனுபவத்துக்கு ஒரு சான்று. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்பவர்களின் மனைகளே ஆக்கிரமிப்புக்கும் போலிப் பத்திரத்துக்கும் எளிதில் இலக்காகின்றன. பதிவுத் துறையின் இணையதளத்தில் ஆண்டுக்கு ஒரு முறை வில்லங்கம் பார்ப்பதும், ஊருக்குப் போகும்போது கற்கள் இருந்த இடத்தில் இருக்கின்றனவா எனப் பார்த்து வருவதும் வழக்கமாக வேண்டும். முட்செடிகளை வெட்டிக் கம்பிவேலி போட ஆகும் செலவையும் தொடக்கத்திலேயே மனை விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.